அதிகாலை நாலே கால் மணி நெப்போலியன்

அந்த வெள்ளைக் காலுறையில் சுருக்கம் விழுந்திருக்கிறது. குனிந்து இழுத்துவிட்டால் நேராகிவிடும் அளவுக்குச் சின்னச் சுருக்கம்தான். ஆனால் அந்தக் கால் 1812-ல் ஐரோப்பாவின் பெரும்பகுதியைத் தன் சொல்லுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்த ஒரு மனிதருடையது. அதைத் தீட்டியவரோ பேரரசரின் முதன்மை ஓவியர் என்ற பதவியில் இருந்தவர். அரசர்களின் உருவப்படத்தில் துணி கசங்குவது வழக்கமில்லை. முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தாலே தூரிகை தடவி மறைத்துவிடும். காலுறைச் சுருக்கத்தை நீவிவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ழாக் லூயி தாவீத் நீவிவிடவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வந்தவரின் வேட்டி, அவர் எதுவும் சொல்லாமலே இரவெல்லாம் எங்கே இருந்தார் என்று சொல்லிவிடும். இந்தக் காலுறையும் அதையே செய்கிறது. இந்த மனிதர் இரவு முழுவதும் தூங்கவில்லை.

படத்தின் பெயர் ‘துயில்லரி அரண்மனையின் தன் பணியறையில் பேரரசர் நெப்போலியன்’. கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் 203.9 சென்டிமீட்டர், அகலம் 125.1 சென்டிமீட்டர். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் கலைக்கூடம் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படங்களின் கோப்புகளை யாரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளவும் அச்சிட்டுக்கொள்ளவும் திறந்துவிட்டிருக்கிறது. ஆகவே ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் மாளிகைக்காகத் தீட்டப்பட்ட இந்தப் படத்தை, நம் தெருமுனை ஃபிரேம் கடையில் சட்டம் போட்டு வாங்கி, புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ள இன்று எவராலும் முடியும். போர்வீரர்களின் பழைய உருவப்படங்களை வீட்டில் மாட்ட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

பெரும்பாலோர் வாங்குவது வேறொன்று என்று எனக்குத் தெரியும். அதே தாவீத், அதே நெப்போலியன், ஆனால் ஆல்ப்ஸ் மலை. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை, காற்றில் சுழலும் மேலங்கி, உச்சியை நோக்கி நீளும் கை. 1801-ல் தொடங்கி தாவீத்தும் அவருடைய பட்டறையும் அதை ஐந்து முறை தீட்டினார்கள். போஸ்டர் விற்கும் எந்தக் கடையிலும் அது முன்வரிசையில் இருக்கும். 1800-ஆம் ஆண்டு மே மாதம் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயை நெப்போலியன் உண்மையில் கடந்தது ஒரு கோவேறு கழுதையின் முதுகில். பிற்பாடு பால் தெலரோஷ் என்ற ஓவியர் அந்தக் கழுதையையும் வழிகாட்டியையும் பனியையும் அப்படியே தீட்டினார். தாவீத் தீட்டியது நடந்ததை அல்ல, பாராட்டுரையை. அது மகத்தான ஓவியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வீட்டுச் சுவருக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். ஒரு கணத்தில் முழுவதையும் கொடுத்துவிடுகிற படம் அது. தூரத்திலிருந்து, நகர்ந்துகொண்டே, ஒரே பார்வையில் பார்ப்பதற்கு ஏற்றது. வீட்டில் மாட்டும் படம் அப்படிப் பார்க்கப்படுவதில்லை. காலையில் காப்பியோடு ஒரு பார்வை, தொலைபேசியில் பேசும்போது ஒரு பார்வை, தூக்கம் வராத இரவில் நெடுநேரம் ஒரு பார்வை. அப்படிச் சிறுகச் சிறுகப் பார்க்கப்படும் படம், சிறுகச் சிறுகத் தருவதாக இருக்க வேண்டும். 1812-ஆம் ஆண்டின் பணியறைப் படம் அந்த வகை.

முதலில் கடிகாரம். நெப்போலியனுக்குப் பின்னால், நமக்கு வலப்பக்கத்தில், உயரமான கடிகாரம் ஒன்று நிற்கிறது. முட்கள் நாலு மணி பதின்மூன்று நிமிடத்தைக் காட்டுகின்றன. பகல் நாலு மணியாக இருக்கலாமே என்று கேட்கத் தோன்றினால், கண்ணை இடப்பக்கம் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மெழுகுவர்த்திகள் அடிவரை எரிந்து தீர்ந்திருக்கின்றன. சுடர் அணையும் தறுவாயில் இருக்கிறது. கடிகாரம் சொன்ன மணியை மெழுகுவர்த்திதான் அதிகாலை என்று திருத்திச் சொல்கிறது. படத்தின் இரு ஓரங்களிலும் இருக்கும் இந்த இரண்டு பொருள்களும் சேர்ந்துதான் நடுவில் நிற்கும் மனிதரைச் சொல்கின்றன. ஒன்றை மறைத்துவிட்டால் மற்றொன்று பாதிதான் பேசும். தாவீத்தின் பொருள்வைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்.

நாலு என்றோ நாலே கால் என்றோ முழுதாக வைக்காமல் பதின்மூன்றாவது நிமிடத்தில் முள்ளை நிறுத்தியதும் ரசிக்கத்தக்கது. முழு மணி என்றால் அது கோயில் மணி அடித்தாற்போல் ஒரு அறிவிப்பாகிவிடும். பதின்மூன்று நிமிடம் என்பது யாரும் திட்டமிடாத நேரம். எழுதிக்கொண்டிருந்தவர் நேரத்தைக் கவனிக்கவில்லை. மணி நாலு அடித்ததைக் கேட்டும் கையிலிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்று அந்த முள்ளிலிருந்து நான் படித்துக்கொள்கிறேன். படம் கேட்டவருக்கு தாவீத் எழுதிய கடிதத்தில், இரவெல்லாம் சட்டத் தொகுப்பில் ஆழ்ந்திருந்த பேரரசர், மெழுகுவர்த்திகள் அணையப்போவதைக் கண்டுதான் பொழுது விடிவதை உணர்கிறார், எழுந்து வாளைக் கட்டிக்கொண்டு படையைப் பார்வையிடப் போகப்போகிறார் என்று விளக்கியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படிக்காமலேயே அதை அறிந்துகொள்ள முடிகிறது. படத்தின் வெற்றிக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மேசைமீது இறகுப் பேனாவும் சிதறிய தாள்களும். சுருண்ட தாளில் ‘கோட்’ என்ற எழுத்துகள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. 1804-ல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்புதான் அது. பின்னாளில் நெப்போலியன் சட்டம் என்றே பெயர் பெற்றது. படம் தீட்டப்பட்டபோது அந்தச் சட்டம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே படத்தில் நாம் காண்பது 1812-ன் ஓர் இரவு என்றும் சொல்ல முடியாது, 1804-க்கு முந்திய இரவு என்றும் சொல்ல முடியாது. சற்றே பருத்துவிட்ட உடல், நெற்றிக்கு மேல் குறைந்துவிட்ட முடி, வெளிறிய கன்னம் எல்லாம் நாற்பதைத் தாண்டிய மனிதருடையவை. கையிலிருக்கும் வேலையோ முப்பதுகளில் அவர் செய்தது. இரண்டு காலங்களையும் ஒரே அறைக்குள் தையல் தெரியாமல் இணைத்திருக்கிறார் தாவீத்.

வாள் எங்கே? போர்வீரர் படத்தில் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். அது இடுப்பில் இல்லை. நாற்காலியின் மேல் கிடக்கிறது. வேலை செய்ய உட்கார்ந்தபோது கழற்றி வைத்தது. இன்னும் எடுத்துக் கட்டிக்கொள்ளவில்லை. சட்டம் மேசையில், வாள் நாற்காலியில், மனிதர் இரண்டுக்கும் நடுவில். கொஞ்சம் தேர்ச்சி குறைந்த ஓவியர் கையில் இது ஒரு தராசைப்போல் பட்டவர்த்தனமாகியிருக்கும். தாவீத் வாளைக் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் கிடக்கவிட்டதால் அது வீட்டுப் பொருளாகிவிட்டது. அந்த நாற்காலியின் சிவப்புத் துணியையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். தங்க நிறத் தேனீக்கள் அதன் வேலைப்பாட்டில் இருக்கின்றன. தேனீ நெப்போலியன் தேர்ந்துகொண்ட சின்னம். 1653-ல் தூர்னே நகரில் ஷில்டெரிக் என்ற பழைய பிராங்கிய அரசரின் கல்லறை அகப்பட்டபோது, அதற்குள் தேனீ வடிவத் தங்க அணிகள் கிடைத்தன. பூர்போன் வம்சத்தின் அல்லிச் சின்னத்துக்கும் முற்பட்ட மரபு வேண்டும் என்று தேடியவர், அந்தக் கல்லறையிலிருந்து தேனீயை எடுத்துத் தன் மேலங்கியிலும் திரைகளிலும் பறக்கவிட்டார். மேசைக்காலோ தங்கம் பூசிய சிங்கம். பேரரசருக்குரிய ஆடம்பரம் முழுவதும் படத்தில் இருக்கிறது, ஆனால் எல்லாம் தட்டுமுட்டுச் சாமான்களில் இருக்கிறது. உடலில் இல்லை.

உடலில் இருப்பது சீருடை. பேரரசுக் காவல்படையின் காலாள் கிரெனடியர் பிரிவில் கர்னல் அணியும் உடை அது. கருநீல மேற்சட்டை, மார்பில் வெள்ளை மடிப்பு, சிவப்புக் கைமுனை, தோளில் தங்கக் குஞ்சம். அவருடைய மார்ஷல்கள் தங்கச் சரிகை கனக்க உலவிய காலம் அது. அவர்களுக்கு நடுவில் தலைவர் மட்டும் ஒரு கர்னலின் உடுப்போடு நிற்பார். யார் தலைவர் என்பது அதனாலேயே தெரிந்துவிடும். மார்பில் இரண்டே கௌரவங்கள்: அவரே நிறுவிய லீஜியன் ஆஃப் ஹானர், இத்தாலிய அரசுக்காக அவரே நிறுவிய இரும்பு மகுட விருது. கைமுனையின் பொத்தான்கள் போடப்படவில்லை. பேனா பிடிப்பவர்கள் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். இறுகிய கைமுனையோடு இரவெல்லாம் எழுத முடியாது.

வலது கை வெள்ளை இடைச்சட்டைக்குள் நுழைந்திருக்கிறது. இதைப் பற்றி வயிற்று வலி தொடங்கி என்னென்னவோ கதைகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கனவான்களின் உருவப்படங்களில் இது சாதாரணமான நிலைதான். அடக்கமும் நிதானமும் உள்ள மனிதர் என்பதற்கான அடையாளம். நெப்போலியனுக்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் அப்படி நின்றிருக்கிறார்கள். ஆனால் இந்தப் படத்துக்குப் பிறகு அந்தக் கை வேறு யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. காரணம், தாவீத் அதோடு சேர்த்து வைத்த லேசான கூனல். தோள்கள் கொஞ்சம் முன்னே சரிந்திருக்கின்றன. மரபான அந்த நிலைக்கு நிமிர்ந்த முதுகு வேண்டும். இவருக்கு முதுகு களைத்திருக்கிறது. அந்தக் களைப்புதான் பழைய கோலத்தை இவருடையதாக மாற்றிவிட்டது. கண்களோ களைக்கவில்லை. நேராக நம்மைப் பார்க்கின்றன.

இந்தக் கண்களை தாவீத் எதிரே உட்காரவைத்து வரையவில்லை என்பதுதான் வியப்பு. நெப்போலியன் இந்தப் படத்துக்காக அமரவே இல்லை. பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய முகத்தை ஓவியர் நினைவிலிருந்து எடுத்தார். பேரரசர் தீட்டச் சொல்லியும் இது உருவாகவில்லை. கேட்டவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் டக்ளஸ், பின்னாளில் பத்தாவது ஹாமில்டன் பிரபு ஆனவர். பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்த நேரத்தில், எதிரி நாட்டுத் தலைவரின் ஆளுயரப் படத்தைத் தன் மாளிகைக்காக வரவழைத்த ரசிகர் அவர். முடிந்த படத்தைப் பார்த்த நெப்போலியன் மகிழ்ந்து, இரவில் தன் குடிமக்களின் நலனுக்கும் பகலில் அவர்களின் புகழுக்கும் உழைப்பதை ஓவியர் சரியாகப் பிடித்துவிட்டார் என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஹாமில்டன் மாளிகை இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே படம் கைமாறி வெளியேறியிருந்தது.

மேசைக்கடியில் தரையில் ஒரு தடித்த புத்தகம் கிடக்கிறது. முதுகில் புளூட்டார்க்கின் பெயர். கிரேக்க, ரோமானியப் பெருமக்களின் வாழ்க்கையை இணை இணையாக எழுதியவர் அவர். அலெக்சாண்டரையும் சீசரையும் ஒரு ஜோடியாக நிறுத்தியவர். ஆல்ப்ஸ் படத்தில் குதிரையின் காலடிப் பாறையில் மூன்று பெயர்களைச் செதுக்கியிருந்தார் தாவீத்: போனபார்ட், ஹனிபால், சார்லமேன். பழம்பெரும் தலைவர்களின் வரிசையில் இவரும் ஒருவர் என்று அங்கே கல்லில் பொறித்துச் சொன்ன அதே உரிமைகோரலை இங்கே தரையில் கிடக்கும் புத்தகத்தைக் கொண்டு சொல்லிவிடுகிறார். பதினொரு வருடத்தில் ஓவியரின் குரல் எவ்வளவு தணிந்து, எவ்வளவு நம்பிக்கை பெற்றுவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே மூலையில் சுருட்டிவைத்த நிலப்படம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் இலத்தீனில் ஓவியரின் பெயரும் 1812 என்ற ஆண்டும். தாவீத்தின் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவது தனிச் சுகம். 1793-ல் கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவைத் தீட்டியபோது, குளியல் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் முகப்பில் மாராவின் பெயரோடு தன் பெயரையும் எழுதினார். பெட்டி கல்லறைக் கல்லாகிவிட்டது. ஆல்ப்ஸ் படத்தில் குதிரையின் மார்புவாரில் எழுதினார். இங்கே நிலப்படத்தில். ஒவ்வொரு முறையும் அந்தக் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளைத் தேடி அதில்தான் பெயரைப் பதிக்கிறார். கித்தானின் வெற்று மூலையில் எழுதிவிட்டுப் போக அவருக்கு மனம் வருவதில்லை. மன்னனுக்கு மரண தண்டனை கொடுக்க வாக்களித்த புரட்சிக்காரர், ரோபஸ்பியரின் நண்பர், சிறைக்குப் போய் மீண்டவர், பிறகு பேரரசரின் ஓவியர், கடைசியில் பிரஸல்ஸில் நாடு கடந்து வாழ்ந்து 1825-ல் இறந்தவர். எஜமானர்கள் மாறினார்கள். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்க, வேலையின் நடுவே ஒரு மனிதரைக் காட்டும் ஆசை மட்டும் மாராவிலிருந்து நெப்போலியன்வரை மாறவில்லை.

இவ்வளவு சொன்னதால் இந்தப் படம் உண்மையே பேசுகிறது என்று நான் சொல்வதாக ஆகிவிடக்கூடாது. இது வாதாடும் படம். மேசையில் கிடக்கும் அந்தச் சட்டம் மனைவியைக் கணவனின் அதிகாரத்துக்குக் கீழே வைத்த சட்டம். அதை உருவாக்கிய அரசு 1802-ல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தது. படம் முடிந்த அதே 1812-ன் ஜூன் 24-ஆம் தேதி அவருடைய படை நீமன் ஆற்றைக் கடந்து ருஷ்யாவுக்குள் நுழைந்தது. லட்சக்கணக்கில் போனவர்களில் சிறு பகுதிதான் திரும்பியது. பணியறையில் அணையப்போகும் சுடரை, அந்த ஆண்டின் இறுதியை அறிந்த நாம் தாவீத் நினைத்தபடி பார்க்க முடியாது. சுவரில் மாட்டியவர் இதையெல்லாம் அறிந்துதான் மாட்ட வேண்டும். பிள்ளைகள் கேட்டால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் இந்தப் படத்தை விரும்புவது, அதிகாரம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறது என்பதை ஒரு மேதை இவ்வளவு நுட்பமாகச் செய்து காட்டியிருப்பதற்காக. கசங்கிய காலுறையைக்கூட வாதத்தில் சாட்சியாக நிறுத்த முடியும் என்று கண்டுகொண்ட மூளை அது.

வீட்டில் படைத்தலைவர்களை மாட்டும் பழக்கம் நெப்போலியனோடு ஆழமாகப் பிணைந்தது. வடகிழக்கு பிரான்சின் எபினால் ஊரில் பெல்லரின் குடும்பத்தார் நடத்திய அச்சகம் மரக்கட்டையில் கோடுகளைச் செதுக்கி, கறுப்பில் அச்சிட்டு, வெட்டுத்தகடு வைத்து மேலே வண்ணம் பூசிப் படங்களை வெளியிட்டது. 1830-களில் பிரான்சுவா ஜோர்ழான் என்ற செதுக்குநர் நெப்போலியனின் போர்களை அங்கே வரிசையாகச் செய்தார். நடந்து விற்கும் வியாபாரிகள் அவற்றை மூட்டை கட்டிச் சுமந்து கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அருங்காட்சியகத்தின் வாசலை மிதித்திராத குடியானவர்கள் சமையலறைச் சுவரில், புனிதர்களின் படத்துக்குப் பக்கத்தில், அவரை ஒட்டிவைத்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் தட்டையாகப் பூசிய அந்தத் தாள்களிலும் எனக்குப் பிரியம் உண்டு. தமிழ் வீடுகளுக்கும் சீருடைப் படம் புதிதில்லை. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள். ராணுவத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக நேதாஜி நம் ஊர்களில் எத்தனையோ கூடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கிறார். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, தாவீத்தின் கூனல் விழுந்த தோள் ஒரு புது அனுபவம்.

சரி, அச்சுக்கு வருவோம். நயம் உயிர்பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

இந்தப் படத்தின் உயரம் அகலத்தைப்போல் 1.63 மடங்கு. கடைகளில் கிடைக்கும் ஏ1 தாளுக்கு அந்த விகிதம் 1.41 தான். தாளை முழுக்க நிரப்ப வேண்டும் என்று கடைக்காரர் படத்தை இழுத்துப் பொருத்தினால், 59.4 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 97 சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். தாளில் இருப்பதோ 84.1. ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் வெட்டுப்படும். தலையை யாரும் வெட்டத் துணிய மாட்டார்கள் என்பதால் கத்தி விழுவது பெரும்பாலும் கீழ்ப்பக்கம். அங்கே என்ன இருக்கிறது? காலணி, சிங்கக் காலின் அடி, புளூட்டார்க், நிலப்படம், ஓவியரின் பெயர். சட்டம் போட்ட அச்சுகளில் அவர் கணுக்காலோடு முடிந்துபோய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது பதறும். உயரத்தை முழுதாக வைத்து அச்சிடச் சொல்லுங்கள். அகலம் 51.6 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். இரு பக்கமும் நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெள்ளை விளிம்பு நிற்கும். அந்த விளிம்பு வீண் இல்லை. ஒடுங்கி நீண்ட கித்தான்தான் அந்த மனிதரை அறைக்குள் நிறுத்திவைத்திருக்கிறது, விளிம்பு அந்த ஒடுக்கத்தைக் காப்பாற்றும்.

அடுத்தது வெள்ளை. இந்தப் படத்தில் வெள்ளை நிறைய: இடைச்சட்டை, கால்சட்டை, காலுறை, மார்பு மடிப்பு. எண்ணெய் ஓவியத்தில் வெள்ளை என்பது பூசப்பட்ட பொருள். அந்தக் காலத்து ஈய வெள்ளைக்கு லேசான வெதுவெதுப்பும் கனமும் உண்டு. அச்சில் வெள்ளை என்று தனி மை கிடையாது. மை விழாத இடமே வெள்ளை. அப்படியென்றால் நெப்போலியனின் கால்சட்டையாக நாம் பார்க்கப்போவது காகிதத்தைத்தான். நீலம் பாய்ந்த பளீர் வெள்ளைத் தாளில் அச்சிட்டால் அவர் இரவெல்லாம் விழித்தவராகத் தெரிய மாட்டார். சலவைக்குப் போட்டெடுத்த உடுப்போடு நிற்பார். பருத்திக் கூழில் செய்த, பளபளப்பில்லாத, கொஞ்சம் பாலேடு நிறத் தாள் கிடைத்தால் அதையே கேளுங்கள். விலை கூடும். சுருக்கங்களுக்கு அது தரும் உயிருக்குக் கொடுக்கலாம்.

வெள்ளைக்கு அடுத்து இருட்டு. உருவத்தின்மேல் விழும் வெளிச்சம் மெழுகுவர்த்தியுடையது அல்ல; அது ஓவியரின் பட்டறை வெளிச்சம், தெளிவானது, சீரானது. அதற்குப் பின்னால் அறை பின்வாங்கி நிழலில் இருக்கிறது. கருநீலச் சட்டை, நிழல், மேசையின் அடிப்பகுதி மூன்றும் வெவ்வேறு இருட்டுகள். கணினித் திரையில் பிரிந்து தெரிவது மலிவான அச்சில் ஒரே கறுப்பாக உறைந்துவிடும். அப்போது புத்தகம் காணாமல் போகும், சட்டையின் வெட்டு காணாமல் போகும், முகமும் வெள்ளைக் காலும் மட்டும் மிதக்கும். ஒரு சிறு துண்டை முன்மாதிரியாக அச்சிட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. எந்தத் துண்டு என்றால், மேசைக்கடியில் புத்தகம் கிடக்கும் இடம். அங்கே முதுகெழுத்து படிக்கும்படி இருந்தால் மற்றதெல்லாம் சரியாக வந்துவிடும். முகத்தைச் சோதித்துப் பயனில்லை. முகத்தை எந்த இயந்திரமும் ஓரளவு கொடுத்துவிடும்.

கோப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஏ1 அளவுக்கு உயரத்தில் ஐயாயிரம் புள்ளிகளாவது இருந்தால் கை நீளத் தூரத்தில் நின்று பார்க்கும்போது கோடுகள் சிதறாது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கடிகார முள்ளைப் பார்க்கிற என்னைப்போன்றவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். கலைக்கூடத்தின் கோப்பையே எடுங்கள். எங்கோ தேடுபொறியில் அகப்படும் பிரதிகளில் சிவப்பு கூடியிருக்கும். நாற்காலியும் கைமுனையும் கத்தும், முகம் காய்ச்சல் கண்டதுபோலாகிவிடும். பிளெக்ஸில் அடிக்கவே கூடாது. அதன் மினுமினுப்பில் இரவு தங்காது. நிறமிமை கொண்ட இங்க்ஜெட் அச்சு வெயில் படாத சுவரில் பல பத்தாண்டுகள் மங்காமல் இருக்கும். சட்டத்துக்குத் தங்கப் பூவேலை வேண்டாம். தங்கம் உள்ளேயே போதிய அளவு இருக்கிறது. கறுப்போ கரும்பழுப்போ பூசிய மெல்லிய மரச்சட்டம், பிரதிபலிக்காத கண்ணாடி, அவ்வளவுதான்.

எங்கே மாட்டுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. வரவேற்பறையில் வேண்டாம். விருந்தினர் நெப்போலியன் என்று பெயர் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எழுதவோ படிக்கவோ கணக்குப் பார்க்கவோ வீட்டில் ஓர் இடம் இருந்தால் அங்கே மாட்டுங்கள். மேசைக்கு எதிர்ச்சுவரில் அல்ல, பக்கச்சுவரில். எதிரே இருந்தால் அந்தக் கண்கள் வேலை செய்ய விடாது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்தி மாட்டுங்கள். நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு முகம் வர வேண்டும் என்பது பொதுவிதி. இந்தப் படத்துக்கு அதை மீறலாம். உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பினால் மெழுகுவர்த்தி தெரிய வேண்டும், கொஞ்சம் குனிந்தால் புத்தகம் தெரிய வேண்டும்.

இன்னொரு பிரதியும் இருக்கிறது, வெர்சாயில். தாவீத்தே தீட்டியது. அதே அறை, நிற்கும் நிலையும் அதே, ஆனால் நீலத்துக்குப் பதில் காவல்படைக் குதிரைவீரர் பிரிவின் பச்சை உடுப்பு. நெப்போலியன் சாதாரண நாட்களில் பெரும்பாலும் உடுத்தியது அந்தப் பச்சையைத்தான்; நீலம் ஞாயிற்றுக்கிழமைக்கும் விழாக்களுக்கும். அப்படிப் பார்த்தால் இரவு வேலைக்குப் பொருத்தமான உடை பச்சைதான். இருந்தும் நான் நீலத்தையே தேர்ந்தெடுப்பேன். பச்சைச் சட்டை அறையின் நிழலோடு இணங்கிப்போகிறது. நீலத்தில் வெள்ளை மார்பு மடிப்பும் சிவப்புக் கைமுனையும் இருப்பதால், போடாத பொத்தான் கண்ணுக்குப் படுகிறது.